பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்?

பக்கவாதம் தாக்கியவரை 4.5 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், மூளையின் ரத்தக்குழாயை அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைச் செலுத்த வாய்ப்பு உண்டு என்ற செய்தி இன்று ஓரளவேனும் மக்களைச் சென்றடைந்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன், தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதத்துக்கும் அளிக்கப்பட்டிருக்கும் இடம் ஆகியவை அனைத்தும் உயிர்களைக் காத்து வருகின்றன. ஆண்டுதோறும் அக்டோபர் 29-ஆம் தேதி கடைப்பிடிக்கப்படும் உலக பக்கவாத தினத்தன்று நாம் கேட்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவையும் அந்த முதல் சில மணி நேரத்தைப் பற்றியவையே.

இவை பாராட்டுக்குரியவை. ஆனால், உயிர் பிழைத்து வீடு திரும்புபவர் அதன் பின்னர் எப்படி வாழ்கிறார்? தானே எழுந்து உட்காருகிறாரா? தன் கையால் உண்கிறாரா? கழிப்பறைக்குத் துணையின்றிச் சென்று வருகிறாரா? இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்டு, விடையை எண்ணாகப் பதிவு செய்து, அதனடிப்படையில் உதவி வழங்கும் வழக்கம் நமது பொதுச் சுகாதாரக் கட்டமைப்பில் இன்னும் வேரூன்றவில்லை. அளக்கப்படாத துன்பத்துக்கு நிதிநிலை அறிக்கையில் இடம் கிடைப்பதில்லை என்பது பொருளியலின் பாலபாடம்.

அளக்கக் கருவி இல்லை என்று சொல்ல இயலாது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நாட்பட்ட நோயாளிகளைப் பராமரித்த மருத்துவமனைகளின் அனுபவத்திலிருந்து, ஃபுளோரன்ஸ் மஹோனி, டோரத்தியா பார்தெல் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட அளவுகோல் 'பார்தெல் குறியீடு' என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுகிறது. உண்ணுதல், குளித்தல், முகம் கழுவித் தலைவாரிக் கொள்ளுதல், உடை உடுத்துதல், மலத்தை அடக்குதல், சிறுநீரை அடக்குதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் ஆகிய 10 செயல்களே அதன் உள்ளடக்கம். ஒவ்வொன்றுக்கும் 5, 10 அல்லது 15 வரை மதிப்பெண், மொத்தம் 100. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரோ இயன்முறை சிகிச்சையாளரோ சில நிமிடங்களில் கேட்டும் பார்த்தும் நிரப்பிவிடலாம். இதைவிடச் சுருக்கமான, 0 முதல் 6 வரையிலான 'ரேங்கின் அளவுகோல்' என்பதும் உண்டு. அதில் 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 6 என்றால் மரணம்.

இந்த அளவுகோல்களின் முக்கியத்துவத்தை உணர, கட்டியைக் கரைக்கும் மருந்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். அம்மருந்துக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்த அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளியானது. 624 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். மூன்று மாத முடிவில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் அந்த மருந்து எதில் வென்றது? குறையேதுமின்றியோ மிகச் சிறு குறையுடனோ வாழும் வாய்ப்பு, மருந்து பெற்றவர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதைக் காட்டியவை பார்தெல், ரேங்கின் உள்ளிட்ட அளவுகோல்கள்தாம். அதாவது, நாம் பெருஞ்செலவில் வாங்கி வைத்திருக்கும் அந்த மருந்தின் பயன், நோயாளி மூன்று மாதங்களுக்குப் பிறகு எப்படி வாழ்கிறார் என்று பார்த்ததால்தான் உலகுக்குத் தெரிய வந்தது. மருந்தை ஏற்றுக்கொண்ட நாம், அதன் பயனை அறிந்த முறையை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

நம்மிடம் ஓர் அளவீடு இருக்கிறதே என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. 21 வகைக் குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட சில உரிமைகளும் சலுகைகளும் உண்டு. பக்கவாதத்தால் கை, கால் முடங்கியவர் பெரும்பாலும் இயக்கக் குறைபாட்டுப் பிரிவில் சான்றிதழ் பெறுகிறார். ஆனால், அந்தச் சதவீதம் முதன்மையாகச் சொல்வது உடலில் நிலைத்துவிட்ட குறையின் அளவை. அந்தக் குறையோடு அவர் தம் வீட்டில், தம் தெருவில் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பது வேறு கேள்வி.

இந்த வேறுபாட்டைப் பொருளியலுக்கு உணர்த்தியவர் அமர்த்திய சென். ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும், இருப்பதைக் கொண்டு அவரால் என்ன செய்ய இயல்கிறது, எப்படி வாழ இயல்கிறது என்பதே நல்வாழ்வின் அளவு என்பது அவரது வாதம். ஒரே சதவீதச் சான்றிதழ் பெற்ற இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவரது வீட்டில் உட்காரும் வகைக் கழிப்பறையும், சுவரில் கைப்பிடியும், பகலில் உதவிக்கு ஆளும் இருக்கின்றன. மற்றவரது வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதுவும் குந்தி உட்காரும் வகை. மனைவி கூலி வேலைக்குச் சென்றால்தான் அடுப்பு எரியும். சான்றிதழில் இருவரும் சமம், வாழ்க்கையில் அல்லர்.

இதனினும் பெரிய சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் இழந்த செயல்திறனில் மீளக்கூடியதன் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில்தான் மீள்கிறது. மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ள முனைப்புடன் முயலும் பருவம் அது. முறையான பயிற்சிக்கு அப்போது கிடைக்கும் பலன் பின்னாளில் கிடைப்பது அரிது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் 15 நாள்கள் வரையிலான செலவையே ஏற்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீடோ, நரம்பியல் பாதிப்புகளில், நிலைமை நிலைபெற்ற பின், பொதுவாக ஆறு மாதங்கள் கழித்தே செய்யப்படுகிறது. காப்பீடு முடியும் 15-ஆம் நாளுக்கும், சான்றிதழுக்கு வழி திறக்கும் 6-ஆம் மாதத்துக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம். எந்தக் காலத்தில் உதவி அதிகப் பலன் தருமோ, அந்தக் காலம் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிடுகிறது.

ஆறு மாதம் கழித்துச் சான்றிதழ் கிடைத்தாலும் உதவி உறுதியன்று. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் ரூ.300 வழங்குகிறது. தமிழக அரசு கடும் பாதிப்புக்குள்ளானோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை அளிக்கிறது. கடும் பாதிப்புப் பிரிவில் சேர 75 சதவீதம் தேவை. தொகையில் மாநிலம் எவ்வளவோ மேல் என்றாலும், அடிப்படை ஒன்றே: ஒரு கோட்டுக்கு மேல் இருப்பவருக்கு உண்டு, ஒரு சதவீதம் குறைந்தவருக்கு இல்லை. தன்னால் கழிப்பறைக்குச் செல்ல முடியாத ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க நேர்ந்தால், அவருக்கு அந்த விதி என்ன விளக்கம் தர முடியும்?

அந்தப் பள்ளத்தை இன்று நிரப்புவது குடும்பம். குடும்பம் என்ற பொதுச்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெண். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்கள். வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுவோரில் பெண்கள் 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இவை எல்லா வகைக் குடும்பங்களுக்குமான சராசரி. இந்தச் சுமையின் மேல் பக்கவாத நோயாளியைக் குளிப்பாட்டி, உடுத்தி, உண்ணச் செய்து, இரவில் புரட்டிப் படுக்க வைக்கும் பணியும் சேரும்போது, முதலில் பறிபோவது அந்தப் பெண்ணின் வருமானம். அடுத்து மூத்த மகளின் படிப்பு. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இந்த உழைப்பு வராது. வராததாலேயே அது இலவசம் என்று அரசுகள் எண்ணிக்கொள்கின்றன.

'நம் குடும்ப அமைப்பு வலுவானது. மருத்துவமனையில் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் போதும்' என்ற கருத்து நல்லெண்ணம் கொண்டோரிடையேயும் உண்டு. அதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட 'அட்டெண்ட்' என்னும் ஆய்வின் முடிவுகள் 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, குடும்பத்தினரைக் கொண்டே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் முறையும் கற்பிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து இரு பிரிவுகளிலும் 47 சதவீதம். வேறுபாடு இல்லை. குடும்பத்தின் அன்பில் குறை இருந்தது என்பதல்ல இதன் பொருள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தொடர்ந்து செய்ய வேண்டிய பணியை, ஏற்கெனவே களைத்துப்போன குடும்பத்தின் தலையில் ஏற்றி, செலவை மிச்சப்படுத்த முடியாது என்பதே இதன் பாடம்.

எனவே அளவீடு தேவை என்கிறோம். அதே வேளையில், அமெரிக்க மருத்துவமனையில் பிறந்த அளவுகோலை அப்படியே நம் வீடுகளுக்குள் கொண்டுவர முடியாது. உண்ணுதல் என்ற முதல் செயலையே எடுத்துக்கொள்வோம். கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பது அங்கே சோதனை. சோற்றைப் பிசைந்து, கவளமாக்கி, வாய்க்குக் கொண்டுசெல்வது இங்கே சோதனை. பக்கவாதம் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தையே முடக்குகிறது. நம் பழக்கத்தில் வலக்கை உண்பதற்கு, இடக்கை கழுவுவதற்கு. வலப்பக்கம் விழுந்தவர் இடக்கையால் பந்தியில் உண்ணக் கூசி உணவையே தவிர்க்கிறார். இடப்பக்கம் விழுந்தவர் கழிப்பறையில் அடுத்தவரை நாடுகிறார். மருத்துவமனையின் உட்காரும் கழிப்பறையில் முழு மதிப்பெண் பெற்றவர், வீட்டின் குந்தும் கழிப்பறையில் பூஜ்யம் பெறலாம். தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் சோதனை பொருந்தாது. தரையிலிருந்து எழுவதே அவருக்குச் சோதனை. மாடிப்படி இல்லாத வீட்டில் வாழ்பவருக்குப் பேருந்தின் படிக்கட்டே படி. ஆகவே, மதிப்பீடு வீட்டிலும் ஒரு முறை நடக்க வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. மலம், சிறுநீர் இரண்டையும் அடக்க இயலாமல், கழிப்பறைக்கும் முழுத் துணை தேவைப்படுகிறவர் 30 மதிப்பெண் இழந்து 70 பெறுவார். குளிக்கவும் முகம் கழுவித் தலைவாரவும் உதவி தேவைப்பட்டு, படியேற இயலாமல், சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்பவரும் 30 இழந்து அதே 70 பெறுவார். பின்னவருக்குக் காலையில் ஒரு மணி நேர உதவி போதும். முன்னவரைக் கவனிக்க இரவும் பகலும் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். தனிநபர் வருமானச் சராசரி ஏற்றத்தாழ்வை மறைப்பதுபோல, மொத்த மதிப்பெண்ணும் துன்பத்தின் உள்ளமைப்பை மறைத்துவிடும்.

முழுதாக 100 பெற்றவரும் குணமானவர் என்று பொருளாகாது. 100 பெற்றவரால் தனித்து வாழ இயலும் என்பதற்கு உறுதியில்லை என்பதை இந்தக் குறியீட்டை வகுத்தவர்களே குறிப்பிட்டிருக்கின்றனர். பேச்சிழப்பு, மறதி, மனச்சோர்வு எதுவும் அந்தப் பத்துக் கேள்விகளில் இல்லை. இக்குறையை ஈடுசெய்ய, 1969-இல் லாட்டன், பிராடி இருவரும் தொலைபேசி, கடை கண்ணிக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம், மருந்துகளை வேளைக்கு உண்ணுதல், பணத்தைக் கையாளுதல் ஆகிய எட்டுச் செயல்களைக் கொண்ட மற்றோர் அளவுகோலை வகுத்தனர். அதன் தொடக்ககால முறையில் சமையல், வீட்டுவேலை, சலவை மூன்றும் ஆண்களுக்குக் கணக்கிடப்படவில்லை! அளவுகோலிலும் சமூகம் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறது. நம் வீடுகளில் பக்கவாதத்திலிருந்து எழுந்த ஆணுக்கு ஓய்வு நாற்காலி காத்திருக்கிறது. பெண்ணுக்கோ அடுப்பு காத்திருக்கிறது. ஒரு கையால் கொதிக்கும் உலையை இறக்கவேண்டிய அந்தப் பெண்ணைப் பத்துக் கேள்விகளில் 100 பெற்றார் என்பதற்காகக் குணமானவர் பட்டியலில் சேர்ப்பது அநீதி.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? ஜப்பான் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. விண்ணப்பித்தவரின் வீட்டுக்குச் சென்று 74 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பி, அவருக்குத் தேவைப்படும் உதவியை 7 நிலைகளில் ஒன்றாக வகைப்படுத்துகிறார்கள். 65 வயதைக் கடந்த அனைவருக்கும் இது பொருந்தும். 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட 16 நோய்களின் விளைவாக உதவி தேவைப்பட்டால் மட்டுமே உண்டு. அவற்றுள் மூளை ரத்தக்குழாய் நோயும் ஒன்று. ஜெர்மனி 1995 முதல் இத்தகைய காப்பீட்டை நடத்துகிறது. ஒருவரைப் பராமரிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிட்டு வந்த அந்நாடு, 2017 முதல் அவர் எந்த அளவுக்குத் தற்சார்பாக இயங்குகிறார் என்பதை அளந்து 5 படிநிலைகளில் உதவுகிறது. வீட்டில் பராமரிக்கும் உறவினருக்குப் பணமாகவும் உதவி சேர்கிறது. செல்வ நாடுகளின் தொகையை நாம் எட்ட இயலாது. ஆனால், வெட்டுக்கோட்டுக்குப் பதிலாகப் படிநிலை, உறுப்பின் குறைக்குப் பதிலாக வாழ்வின் தேவை என்ற இரு கொள்கைகளையும் பின்பற்றப் பணம் தடையாக இராது.

மதிப்பெண்ணுடன் பணத்தை இணைத்தால் முறைகேடு நேராதா என்ற கேள்வி நியாயமானது. உதவித்தொகைக்காக இயலாமையைப் பெருக்கிக் காட்டும் ஆசை எழலாம். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று: நடக்கத் தொடங்கினால் தொகை நின்றுவிடும் என்ற அச்சம், நடக்கும் முயற்சியையே தளர்த்திவிடலாம். இதற்குத் தீர்வு அளக்காமல் இருப்பதல்ல. விதியைச் சரியாக வகுப்பதே. நிலை மேம்பட்டாலும் ஓராண்டுக்கு உதவி குறையாது என்று உறுதியளிக்கலாம். உதவியின் ஒரு பகுதியைக் கமோடு நாற்காலி, ஊன்றுகோல், கழிப்பறைக் கைப்பிடி, வீட்டுக்கே வரும் சிகிச்சை எனப் பொருளாகவும் சேவையாகவும் வழங்கலாம். தேவையற்றவர் கைப்பிடிக்கு ஆசைப்பட மாட்டார். மதிப்பிடுபவரும் தொகையை அனுமதிப்பவரும் வெவ்வேறு நபர்களாக இருக்க வேண்டும்.

தமிழகத்தில் இதைத் தொடங்குவதற்கான அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. அதே வருகையில் இந்தப் பத்துக் கேள்விகளையும் சேர்க்கலாம். கூடுதல் பணிக்குக் கூடுதல் ஊதியமும் உரிய பயிற்சியும் தரப்பட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாள், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என நான்கு முறை அளந்தால் போதும். மூன்றாம் மாத மதிப்பெண் மாவட்டவாரியாக வெளியிடப்பட்டால், எங்கே மறுவாழ்வுச் சேவை நடக்கிறது, எங்கே பெயரளவில் நிற்கிறது என்பது மக்களுக்குத் தெரிந்துவிடும். உடையுடுத்துதல், உண்ணுதல் போன்ற செயல்களை மீளக் கற்பிப்பதையே தம் துறையாகக் கொண்ட ஆக்குபேஷனல் தெரபி சிகிச்சையாளர்களுக்கு மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் பணியிடங்களை உருவாக்குவதும் இதனுடன் சேர வேண்டும்.

மத்திய அரசுக்கும் கடமை உண்டு. 2010-இல் தொடங்கிய தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் பெயரிலேயே புற்றுநோய், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுடன் பக்கவாதமும் இடம்பெற்றிருந்தது. 2023-இல் பெயர் சுருக்கப்பட்டபோது அச்சொல் மறைந்தது. பெயரில் மறைந்தது நடைமுறையில் மறையாமல் இருக்க, காப்பீட்டின் 15 நாள் வரம்பைப் பக்கவாதத்துக்கு மட்டுமேனும் 90 நாள்களாக நீட்டிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. 38-ஆவது பிரிவு, அத்தகைய தேவையை மதிப்பிட ஒரு வாரியத்தைக் காட்டுகிறது. 'மிகுந்த உதவி' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையிலேயே அன்றாடச் செயல்பாடுகள் குறிப்பிடப்படுகின்றன. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்துக்கு ஓர் அளவுகோலையும் அதற்குரிய நிதியையும் தந்தால் போதும்.

25 வயதைக் கடந்த நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் பக்கவாதம் வர வாய்ப்புண்டு என்று உலக அளவிலான நோய்ச்சுமைக் கணக்கீடுகள் கூறுகின்றன. முதுமை விரைந்து பெருகும் மாநிலங்களுள் தமிழகம் முன்வரிசையில் நிற்கிறது. இது யாரோ சிலரின் துயரம் என்று ஒதுக்கிவிட இயலாது. எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்ற கணக்கை ஆண்டறிக்கைகளில் வெளியிடும் அரசுகள், காப்பாற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதம் தம் கையால் உண்கிறார்கள், துணையின்றிக் கழிப்பறைக்குச் செல்கிறார்கள் என்ற கணக்கையும் வெளியிடட்டும். உயிரைக் காப்பது மருத்துவத்தின் சாதனை. அந்த உயிர் மானத்தோடு வாழ வழி செய்வது அரசின் கடமை. அந்தக் கடமை நிறைவேறுகிறதா என்பதை அறியப் பத்துக் கேள்விகள் போதும். அவற்றை நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.